உள்ளங்கை தவிர

வலி என்று நானாகச் சொல்லக்கூடாது, கேட்டால் சொல்லலாம், இன்றைக்கு எனக்குப் போட்ட சட்டம் அவ்வளவுதான், சட்டத்துக்குக் கட்டுப்படுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது, தபால் பிரிக்கும் அலுவலகத்தில் நின்று நின்றே தலை நரைத்தவள் நான், ஆனாலும் இது கொஞ்சம் வேடிக்கையான சட்டம்தான். வலிக்கிறது வலிக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லி ஒருத்தரும் நம்பாமல், கடைசியில் நம்புகிற டாக்டர் ஒருத்தி கிடைத்து, அவளும் "நாளைக்கு வலின்னு மட்டும் வாயத் திறந்துராதீங்க செண்பகவல்லி" என்றால் சிரிக்காமல் என்ன செய்வது. சிரித்தேன். டாக்டர் அமலோற்பவமும் சிரித்தார். இந்தப் பெரியாஸ்பத்திரியில் பொது மருத்துவத்துக்கு அவர்தான் தலைமை, சிரிக்கிற தலைமையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. "நீங்கதான் கேள்வித்தாள். கேள்வித்தாளே பதிலச் சொல்லிட்டா புள்ளைங்களுக்குப் பரீட்சை எதுக்கு? அவங்க கேட்டா சொல்லுங்க. கேக்கலைன்னா விட்டுருங்க." அப்படித்தான் நான் இங்கே, எம்.டி. படிக்கிற டாக்டர்களுடைய பரீட்சைக்கு ஒரு கேஸாக, பச்சைத் துணித் தடுப்புக்குள்ளே கட்டிலில் மல்லாந்து கிடக்கிறேன். விரிப்புக்குக் கீழே ரப்பர் ஷீட், அதன் சூட்டில் தொடை வியர்த்து ஒட்டுகிறது. தலைக்கு மேல் காற்றாடி ஒரு பக்கமாகச் சாய்ந்து சுற்றுகிறது, விழுந்தால் என் மேல்தான் விழும், விழுந்தாலும் கேட்டால்தான் வலி சொல்லலாம். பெரிய விஷயம் அதில்லை. பெரிய விஷயம் கையெழுத்து. என் வியாதிக்கு டாக்டர் அமலோற்பவம் பேர் கண்டுபிடித்து எழுதிவிட்டார், ஆனால் அபூர்வ வியாதி என்றால் இரண்டு பேராசிரியர்கள் கையெழுத்துப் போடவேண்டும் என்று எங்கள் இலாகா கேட்கிறது, ஒன்று இவருடையது, இன்னொன்றுக்கு இன்றைக்குச் சென்னையிலிருந்து பரீட்சை நடத்த வந்திருக்கும் டாக்டர் தணிகாசலம். இரண்டாவது கையெழுத்து விழுந்தால் எனக்கு உட்கார்ந்து பார்க்கிற வேலை, பதிவுத் தபால் பிரிவில் நாற்காலி போட்டு. விழாவிட்டால் போன வருஷம் என் வியாதிக்கு எழுதின "உடல் பருமன்" அப்படியே நிற்கும், அதோடு நானும் நிற்பேன், முடிகிற மட்டும் நின்றுவிட்டு வேலையை எழுதிக்கொடுத்துவிட்டுப் போவேன். நாற்காலிக்காக ஒரு பொம்பளை இத்தனை பாடுபடுவாளா என்று கேட்பவர்கள் பதவிக்காரர்களைப் பார்த்ததில்லை போலிருக்கிறது.

மணி அடித்துவிட்டார்கள். முதல் ஆள் வருகிறான், நெட்டையன், நெற்றியில் திருநீறு, பரீட்சைக்கென்று இன்றைக்கு மட்டும் பூசியது, ஓரம் இன்னும் உதிரவில்லை. பேர், வயசு, வேலை கேட்கிறான், சொல்கிறேன். "எத்தனை நாளா இந்தக் கட்டிங்க இருக்கு?" சொல்கிறேன். "சர்க்கரை இருக்கா, பிரஷர் இருக்கா?" இல்லை. சேலையை ஒதுக்கச் சொல்கிறான், அவன் விரல் வருகிறது, வயிற்றில், இடுப்பில், தொடையில், சப்போட்டா பழுத்துவிட்டதா என்று பார்ப்பதுபோல அமுக்கி உருட்டுகிறான், உருளட்டும், நான் மணியாச்சியில் நிற்கிறேன். இது என் வித்தை. தபால் பயிற்சிக்குப் போன காலத்தில் ரயில் பாதை ஊர்களை வரிசையாக மனப்பாடம் பண்ண வைத்தார்கள், அன்றைக்குத் திட்டிக்கொண்டே படித்தது இன்றைக்குச் சோறு போடுகிறது, வலிக்கும்போது மணியாச்சியில் ஏறிவிடுவேன், கடம்பூர், கோவில்பட்டி, சாத்தூர், துலுக்கப்பட்டி, விருதுநகர், கள்ளிக்குடி, திருமங்கலம், மதுரை. பஸ்ஸில் ஒரு முழங்கை இடித்தால் கடம்பூரோடு இறங்கிவிடலாம். ரவிக்கை ஓரம் மேல்கையில் இறுக்கினால் சாத்தூர். ஒரு நாள் முழுக்க நின்றுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தால் திருமங்கலம் தாண்டும். மதுரை வரைக்கும் போனது ஒரே ஒரு தடவை. பத்துக்கு எத்தனை மார்க் வலிக்கிறது என்று டாக்டர்கள் கேட்பார்கள், பத்து என்றால் என்ன பத்து, மார்க்குப் போட வலி என்ன கணக்குப் பரீட்சையா, ஊர் சொன்னால் எனக்குத் தெரியும். இவன் கோவில்பட்டியில் விட்டுவிட்டான். பரவாயில்லை, நல்ல பையன், கை சூடாக இருந்தது. வலிக்குதா என்று கேட்கவில்லை. கேட்க அவனுக்குத் தோன்றவே இல்லை, கொழுப்புக்கட்டி வலிக்காது என்று புத்தகத்தில் படித்திருக்கிறான், அமுக்கும்போது முகத்தைப் பார்க்கவேண்டும் என்பதை யாரும் சொல்லித்தரவில்லையோ, சொல்லித்தந்த அன்றைக்குக் கட் அடித்தானோ. பரீட்சைக்காரர்கள் கூட்டமாக வந்தார்கள், டாக்டர் அமலோற்பவம் பின்னால், டாக்டர் தணிகாசலம் முன்னால், குள்ளமாக, விறைப்பாக, மடிப்பு கலையாத வெள்ளைக் கோட்டோடு. நெட்டையன் ஒப்பித்தான், "பல இடங்களில் சாதாரணக் கொழுப்புக்கட்டிகள் சார்." "வேற?" "உடல் பருமன் சார்." "சரி போ." தணிகாசலம் என்னை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை, கட்டில் காலில் தொங்கிய அட்டையைப் பார்த்தார், அதில் நம்பர்தான் இருக்கும்.

சாதாரணக் கொழுப்புக்கட்டி. அது எப்படி என்றால் உறையின் மேல் "புதுப்பட்டி" என்று மட்டும் எழுதுவதுபோல. தப்பில்லை, புதுப்பட்டிதான், ஆனால் எந்தப் புதுப்பட்டி? இந்தத் தமிழ்நாட்டில் கைவைத்த இடமெல்லாம் புதுப்பட்டி, தாலுகா எழுதவேண்டும், பக்கத்துத் தபால் ஆபீஸ் எழுதவேண்டும், இல்லாவிட்டால் கல்யாணப் பத்திரிகை ஊரெல்லாம் சுற்றிப் பிள்ளை பிறந்த பிறகு வந்து சேரும். நானும் அப்படித்தான் சுற்றினேன். எலும்பு டாக்டர் வாதம் என்றார். ஒருத்தர் தைராய்டு என்று மாத்திரை கொடுத்தார், தைராய்டு நன்றாக இருந்தது, மாத்திரைதான் ஒத்துக்கொள்ளவில்லை. இன்னொருத்தர் என் வீட்டுக்காரரைப் பார்த்து, என்னைப் பார்த்து இல்லை, அவரைப் பார்த்து, "வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார், மனசு வலியைத்தான் உடம்பு வலி என்கிறேனாம், அந்த மனுஷர் பாவம் வெளியே வந்து பஸ் ஏறுகிற மட்டும் என் முகத்தைப் பார்க்கவில்லை. இளைத்தால் சரியாகிவிடும் என்றார்கள், இளைத்துக் காட்டினேன், முகம் ஒட்டிப்போனது, கட்டி ஒன்றுகூட அசையவில்லை. ஆபீஸில் மேற்பார்வைக்கு இருந்த மனுஷர் நான் நாற்காலி கேட்டபோது எல்லாருக்கும் கேட்கும்படி, "அந்தம்மாவுக்குக் கொழுப்பு, வேற ஒண்ணுமில்ல" என்றார், பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன், அன்றைக்குச் சிரித்ததற்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது, அவர் மேல் இல்லை, என் மேல். கை ஓங்கி விட்டெறிய ஒரு பார்சல்கூடவா அகப்படவில்லை அப்போது.

"தாயி." தடுப்புக்கு அந்தப் பக்கம் சுடலைமுத்து அண்ணாச்சி. அடுத்த கட்டில் அவருடையது, இதயத்தில் ஒரு வால்வு ஓட்டை, பரீட்சைக்கு வந்து வந்து பழகினவர், எத்தனையோ டாக்டர்கள் அவர் நெஞ்சில் காதை வைத்துத்தான் டாக்டர் ஆனார்கள், அந்தக் கணக்கில் அவருக்குப் பெருமை. "என்ன அண்ணாச்சி?" "முத ஆளு கேட்டானா?" "கேக்கல." "கேக்க மாட்டான். அவன் எங்கிட்டயும் வந்தான், நெஞ்ச வலது பக்கம் தேடுதான். ஒண்ணு சொல்லுதேன் கேளு. அந்த மெட்ராஸ் சார் இருக்காவள்லா, அவ்வோ எந்தக் கட்டில்கிட்டயும் உக்காரவே மாட்டாவ. நின்னமேனிக்குக் கேப்பாவ, போயிருவாவ. உக்காந்தாவன்னு வையி, கேஸு பிடிச்சுப்போச்சு, நம்பிட்டாவன்னு அர்த்தம். என் வால்வுக்கு ஒரு தடவ உக்காந்தாவ." அதைச் சொல்லும்போது அவர் குரலில் சம்பந்தி வீட்டார் வந்து உட்கார்ந்த சந்தோஷம். "இன்னும் ஒரு பொண்ணு வரும், பர்வீன்னு பேரு. போன தடவ எங்கிட்டதான் கோட்ட விட்டுச்சு. நல்ல பிள்ள, ஆனா சார்வளக் கண்டா நாக்கு மேல ஒட்டிக்கிடும். அதுக்கு ஏதும் ஒத்தாச பண்ணு." "சொல்லக்கூடாதுன்னு உத்தரவு அண்ணாச்சி." "உத்தரவுதான? எல்லாத்துக்கும் உத்தரவு இருக்கு" என்று இருமினார், இருமும்போது அவருடைய வால்வு இங்கே கேட்கும்போல இருந்தது. உட்காரவே மாட்டார். நானோ உட்காரத்தான் இத்தனை பாடு. நல்ல ஜோடி.

இரண்டாவது ஆள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்தான், பெரிய கடிகாரம், அதன் உலோகப்பட்டை என் கையில் உரசினால் துலுக்கப்பட்டி நிச்சயம் என்று கையை உள்ளே இழுத்துக்கொண்டேன். இவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. வந்ததும் தெரிந்துவிட்டது, தெரிந்த ஆளின் நடை தனி, தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு முதலிலேயே எழுதிவிட்டு அப்புறம் கேட்கிறான், வார்டில் யாரோ வாயை விட்டிருக்கிறார்கள், பரீட்சை நாளில் கேஸ் விற்பனை நடக்கும் என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார். "வலிக்கும்ல? அமுக்குனா வலிக்கும், ஆமா, சரி, தூக்கம் வராது, களைப்பா இருக்கும், ஆமா." வாயைத் திறந்தேன். கேட்டுவிட்டான், சட்டப்படி சொல்லலாம். ஆனால் அவன் கண் கடிகாரத்தில், பேனா அடுத்த வரியில். நான் "இல்ல" என்று சொல்லியிருந்தாலும் "ஆமா" என்றுதான் எழுதியிருப்பான். இத்தனை வருஷம் கேட்கமாட்டார்களா என்று காத்திருந்த கேள்வி, அதைக் கேட்டு அவனே பதிலும் சொல்லிக்கொண்டால் அது என்ன கேள்வி, சாமியாடி குறி சொல்வதுபோல. வாயை மூடிக்கொண்டேன். நான் யாருக்கும் அவ்வளவு மலிவு இல்லை. சொல்லாததற்கு என் தொடையில் ஒரு அழுத்து அழுத்தினான், விருதுநகர் வரைக்கும் போய்விட்டு வந்தேன், விருதுநகர் பிளாட்பாரத்தில் பரோட்டா வாசனை வரும், அதை நினைத்துக்கொண்டேன்.

அவனால் வந்தது வினை. பரீட்சைக்காரர்கள் வந்ததும் வியாதியின் பேரை எடுத்தவுடன் சொன்னான், "டெர்கம் நோய் சார், வலியுள்ள கொழுப்புக்கட்டிகள்." தணிகாசலம் முகம் சுருங்கிவிட்டது. "எப்படி இந்த முடிவுக்கு வந்தே?" "வலி சார்." "எந்த மாதிரி வலி? எரிச்சலா, குத்தலா? அமுக்கினா மட்டுமா, சும்மா இருக்கும்போதுமா? எந்தக் கட்டி அதிகம்?" பையன் கடிகாரத்தைப் பார்க்கிறான், அதில் பதில் இல்லை. "யாரு உனக்குச் சொன்னது?" தணிகாசலம் டாக்டர் அமலோற்பவம் பக்கம் திரும்பி, நான் அங்கே கிடப்பதே தெரியாதவர்போல, "மேடம், எனக்கு இந்தப் பேர் மேலயே நம்பிக்கை கிடையாது. எங்க போடுறதுன்னு தெரியாத கேஸையெல்லாம் தூக்கிப் போடுற குப்பைத்தொட்டி இது. குண்டா இருக்கிற பொம்பளைங்க, உடம்பு வலின்னு சொல்றாங்க, உடனே ஒரு வெள்ளைக்காரன் பேரு. இப்போ பேஷண்டுக்கும் சொல்லிக்கொடுத்து, பையனுக்கும் சொல்லிக்கொடுத்து..." என்றார். "நான் யாருக்கும் சொல்லிக்கொடுக்கல சார்" என்று டாக்டர் அமலோற்பவம் மெதுவாகச் சொன்னார், சிரிப்பு போய்விட்டிருந்தது. அவர்கள் நகர்ந்தார்கள். எனக்குப் பயம் வந்துவிட்டது. பயம்தான், பயத்தைப் பயம் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. இப்போது நான் எழுந்து உட்கார்ந்து சார் எனக்கு வலிக்குது சார் என்று அழுதாலும் சொல்லிக்கொடுத்த பாட்டு என்பார். சரியான பேர் தப்பான வாயில் வந்துவிட்டது, முத்திரை குத்தாமலே வந்த தபால்போல இனி யார் வாங்குவார்.

குப்பைத்தொட்டி. இருக்கட்டும், அந்த வார்த்தைக்கு மட்டும் நான் பதில் சொல்லியாக வேண்டும், அவரிடம் இல்லாவிட்டாலும் எனக்கு நானே. டாக்டர் அமலோற்பவம் என்னிடம் ஒன்றையும் மறைக்கவில்லை, வியாதிகளையெல்லாம் நம்பர் போட்டு அடுக்கின உலகப் புத்தகத்தை எடுத்து வைத்துக் காட்டினார், உங்க இடம் இதுதான் என்று. "கொழுப்புக்கட்டிகள், வேறெங்கும் சேர்க்கப்படாதவை" என்று அதற்குத் தலைப்பு. சொல்லிவிட்டு நான் வருத்தப்படுவேனோ என்று முகத்தைப் பார்த்தார். எனக்கு வருத்தமே இல்லை. இதற்குள்ளேயும் நாலு விதம் உண்டாம், உடம்பெல்லாம் பரவிக் கிடப்பது, முடிச்சு முடிச்சாக எங்கும் வருவது, ஓரிடத்தில் மட்டும் வருவது, மூட்டை ஒட்டி வருவது, நான் இரண்டாவது. தாலுகா, தபால் ஆபீஸ், தெரு எல்லாம் வந்துவிட்டது, கதவு நம்பர்தான் பாக்கி. எங்கள் பிரிப்பு அலமாரியில் ஊருக்கொரு சதுரக் குழி, அதிலும் கடைசி வரிசையில் அப்படி ஒரு குழி உண்டு, எந்த ஊர்க் குழியிலும் சேராததைப் போடுவதற்கு. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அதைத்தான் குப்பை என்று நினைப்பார்கள். மற்றக் குழிகளில் விழுகிற கடிதத்தை யாரும் படிப்பதில்லை, ஊர்ப் பேரை ஒரு கண் பார்த்து வீசுவதோடு சரி. கடைசிக் குழியில் விழுந்ததைத்தான் ஒரு ஆள் உட்கார்ந்து, ஆமாம் உட்கார்ந்து, அனுப்பினவர் யார், கையெழுத்து என்ன, கோவில் பக்கத்தில் என்றால் எந்தக் கோவில் என்று முழுக்கப் படிப்பான். என்னைக் கொண்டுபோய் அந்தக் குழியில் போடுங்கள், சந்தோஷமாகக் கிடக்கிறேன். படிக்கிறதுக்கு ஆள்தான் வேண்டும். யாழினி என்னைப் படித்திருக்கிறாள். என் மகள், சின்னப் பிள்ளையாக இருந்தபோது பள்ளிக்கூடம் விட்டு ஓடி வந்து மடியில் குதித்தாள், நான் போட்ட சத்தத்தில் அக்கம்பக்கம் கூடிவிட்டது, மதுரை வரைக்கும் போனது அன்றைக்குத்தான். பிள்ளை அரண்டு போய்க் கதவுக்குப் பின்னால் நின்றது, அப்புறம் ரொம்ப நேரம் கழித்து வந்து, அழாமல், "எங்க தொடலாம்மா?" என்று கேட்டது. உள்ளங்கையை நீட்டினேன். அங்கே மட்டும்தான் ஒன்றும் வருவதில்லை, அங்கேயும் முகத்திலும். அன்றிலிருந்து அவள் கட்டிப்பிடிப்பது என்றால் என் உள்ளங்கைக்குள் தன் முகத்தைக் கொண்டுவந்து வைப்பதுதான், இப்போது காலேஜ் போகிறாள், இன்னமும் அப்படித்தான். கொஞ்சம் கண் கலங்குகிறது, கலங்கட்டும், இதற்குச் சட்டம் ஒன்றும் போடவில்லை.

தடுப்பு விலகுகிறது. இவள்தான் பர்வீன், தலையில் கட்டிய துணியின் ஓரத்தைத் திரும்பத் திரும்ப உள்ளே சொருகிக்கொள்கிறாள், ஒல்லி, கண்ணுக்குக் கீழே கருவளையம், என்னைவிட இவளுக்குத்தான் படுக்கை தேவை. பேர் கேட்டாள், வயசு கேட்டாள், வேலை என்ன என்று கேட்டவள் நின்றுவிட்டாள். "தபால் பிரிக்கிறதுன்னா நின்னுக்கிட்டே பாக்கிற வேலையாம்மா?" ஆமாம் என்றேன். யாரும் இதைக் கேட்டதில்லை. எழுதவில்லை, தலையை மட்டும் ஆட்டினாள். கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டாள், நல்ல வளர்ப்பு. என் கை பக்கம் குனிந்து கட்டிகளைக் கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டே வந்தாள், ஒன்று, அடுத்தது, மணிக்கட்டு வரைக்கும் வந்தாள், அங்கே என் கை விரிப்பைக் கசக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது, எனக்கே தெரியாது, வருகிற விரலுக்கு முன்னாலேயே கை தயாராகிவிட்டிருக்கிறது. அதைப் பார்த்தாள். நீட்டின கையை இழுத்துக்கொண்டாள். நெற்றியில் வியர்வை. வலிக்குதா என்று கேளடி, கேட்டால் அத்தனையும் சொல்கிறேன், கேள் என்று நான் உள்ளே கத்துகிறேன். அவள் கேட்கவில்லை. "எங்க தொடலாம்மா?" என்றாள். சட்டம், சட்டம், கேட்டதற்கு மட்டும் பதில். "உள்ளங்கை" என்றேன். ஒரு கணம் புரியாமல் பார்த்தாள். அப்புறம் என் விரல்களை ஒவ்வொன்றாக விரிப்பிலிருந்து பிரித்து, உள்ளங்கையில் தன் விரலை வைத்தாள். நாடி பார்க்கவும் இல்லை, கட்டி தேடவும் இல்லை, சும்மா வைத்திருந்தாள். மணி அடித்துவிட்டது. தாளில் பாதி வெறுமையாகக் கிடந்தது.

வந்துவிட்டார்கள். "என்ன கண்டுபிடிச்சே?" என்று தணிகாசலம். பர்வீன் நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது, அண்ணாச்சி சொன்னது சரிதான், உதடு அசைகிறது, சத்தம் இல்லை. "ஊமையா?" "இல்ல சார். பல இடங்களில் கொழுப்புக்கட்டி சார்." "கட்டியோட தன்மை?" "அமுக்கிப் பாக்கல சார்." "பாக்கலையா!" டாக்டர் அமலோற்பவம் கண்ணை மூடிக்கொண்டார். போச்சு, இந்தப் பிள்ளையும் போச்சு, நானும் போனேன். "பரீட்சையில வந்து கேஸத் தொடாம நிக்கிறியே, எதுக்கு வந்தே?" "அவங்களுக்கு வலிக்குது சார்." "ஓ! உனக்கும் சொல்லிட்டாங்களா?" "யாரும் சொல்லல சார். இவங்களும் சொல்லல. வியாதிப் பேரு எனக்குத் தெரியல சார்." தலைத்துணியின் ஓரத்தை மறுபடி உள்ளே சொருகினாள், ஆனால் பேச்சை நிறுத்தவில்லை. "எங்க தொடலாம்னு கேட்டேன். உள்ளங்கைன்னாங்க. அவ்வளவுதான் சார்." தணிகாசலம் முதல்முறையாக அட்டையை விட்டு நிமிர்ந்தார். உள்ளங்கை என்ற வார்த்தை அவருக்குள் எங்கோ போய் இடித்திருக்கவேண்டும், சொல்லிக்கொடுத்த பாட்டில் அப்படி ஒரு வரி வராது என்று அவருக்கும் தெரியும். ஆனால் மனுஷனுக்குப் பிடிவாதம், எனக்கிருப்பதுபோலவே. "பாத்துருவோம்" என்று கட்டை விரலை நீட்டிக்கொண்டு என் மேல்கைப் பக்கம் குனிந்தார், பெரிய கட்டி இருக்கிற இடம், அவருக்குத் தெரியாமலே சரியான இடம், நான் பல்லைக் கடித்து மணியாச்சியில் ஏறிவிட்டேன், கடம்பூர், கோவில்பட்டி... விரல் வரவில்லை. பர்வீனுடைய கை அவர் மணிக்கட்டின் மேல் இருந்தது. பரீட்சை எழுத வந்த பெண், பரீட்சை நடத்துகிற ஆளின் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். "சார், அங்க வேண்டாம் சார்" என்றாள், அழுதுவிடுவாள்போல, ஆனால் கையை எடுக்கவில்லை. இந்தப் பிள்ளையை இனி ஜென்மத்துக்கும் பாஸ் போடமாட்டார்கள் என்று நினைத்தேன், எனக்காக ஒருத்தி தன் பரீட்சையைக் கொண்டுபோய் ஆற்றில் விட்டாளே என்று நினைத்தேன், என் வயிற்றில் பிறந்தவளுக்குப் பிறகு ஒருத்தி.

தணிகாசலம் தன் மணிக்கட்டைப் பார்த்தார். பர்வீனைப் பார்த்தார். மெல்லக் கையை விடுவித்துக்கொண்டு கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார். அப்புறம் என்னைப் பார்த்தார், நம்பரை இல்லை, என் முகத்தை. அவருக்கும் கண்ணுக்குக் கீழே கருவளையம் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. "வலிக்குதாம்மா?" என்றார். கேட்டுவிட்டுக் காத்திருந்தார். கடிகாரத்தைப் பார்க்கவில்லை, டாக்டர் அமலோற்பவத்தைப் பார்க்கவில்லை, பேனாவை எடுக்கவில்லை, சும்மா காத்திருந்தார். இத்தனை வருஷமாக இந்தக் கேள்விக்கு எத்தனை பதில் தயார் பண்ணி வைத்திருந்தேன், குளிக்கும்போது சொல்லிப் பார்த்தவை, பஸ்ஸில் சொல்லிப் பார்த்தவை, கோபமாக ஒன்று, அழுதுகொண்டே ஒன்று, மேற்பார்வைக்காரர் மூக்கறுபடும்படி ஒன்று. ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. அவசரமும் இல்லை. கேட்டவர் அவர், சொல்கிறவள் நான், என் இடத்தில்தான் அவர் நிற்கிறார். கையை ஊன்றி நிமிர்ந்து தலையணையில் சாய்ந்துகொண்டேன், சேலையைச் சரிசெய்துகொண்டேன்.

"உக்காருங்க சார்" என்றேன். "மணியாச்சியிலேருந்து சொல்லணும்."

அவருக்குப் புரியவில்லை. கட்டிலுக்குக் கீழே இருந்த இரும்பு ஸ்டூலைப் பர்வீன் காலால் மெதுவாக வெளியே தள்ளினாள், தரையில் அது உரசிய சத்தம் வார்டு முழுக்கக் கேட்டது. டாக்டர் தணிகாசலம் ஸ்டூலைப் பார்த்தார், கோட்டின் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டார், உட்கார்ந்தார்.